நூற்றெட்டில் இரண்டு

பாலாடாவில் எல்லாரும் கேரட் விதைக்க
நான் புல் விதைத்தேன்.
"புல்லுக்கு விதையா?"
நாற்றுத்தட்டுக்கு ரசீது எழுதிக்கொண்டே
கேட்டார் உரக்கடை போஜன்.

சீகை வெட்டி மொட்டையான சரிவுக்காக
அவலாஞ்சி மேட்டில்
மார்கழியில் உருவியவை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்.
ஈரம் பட்டால் முறுக்கவிழ்ந்து
தானே மண் துளைக்குமாம்.

நூற்றெட்டு போட்டேன்.
உறைபனிக்குச் சாக்கு போர்த்தினேன்.
எழுபதாம் நாள் மூன்று.
அதிலொன்று கிக்குயூ, பிடுங்கினேன்.
புல்லுக்காகப் புல்லைக் கொல்லும் வேலை.

ஆனி மழை.
தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால்
எப்போதோ கழற்றியெறிந்த ஸ்வெட்டர்.
மணிக்கட்டுக் கம்பளியில்
ஊசி ஊசியாய்ப் பச்சை.
எண்ணவில்லை.

பிழியாமல் மடிக்காமல்
சரிவுக்குத் தூக்கிப் போனேன்.
வழியெல்லாம் குளிர்.