பதின்மூன்று

நேற்று மாலையே இரண்டையும்
ஒரே தகரத்தட்டில் வைத்துவிட்டேன்,
பிஸ்டனையும் சிலிண்டரையும்.
ராத்திரி முழுக்க ஒரே சூட்டில் கிடந்தால்தான்
காலையில் பொய் சொல்லாமல் அளவு காட்டும்.
வெளியே நாற்பத்தெட்டு.
கொலிமா ஆற்றங்கரையில்
மைனஸ் என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

பஹிலாய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்:
"இறுக்கமாப் போடு, க்யுன்னேய்.
பழசு வாளியில கரண்டி விழுந்த மாதிரி
கடகடன்னு கிடந்துச்சு. எட்டுக்கு மேல வேண்டாம்."
மில்லிமீட்டரை நூறாக நறுக்கி, அதில் எட்டு.
சீட்டில் எழுதியும் வாங்கிக்கொண்டான்.
கூலி பத்து மீன்.

மைக்ரோமீட்டரை ஸ்கர்ட்டில் வைக்கிறேன்,
பின்னுக்குக் குறுக்கே, அடியிலிருந்து ஒரு விரல் மேலே.
பிறகு சிலிண்டருக்குள் டயல் கேஜ் இறங்குகிறது:
தலையில், இடுப்பில், காலில்,
எக்ஸாஸ்ட் துளைக்கு நேரே ஒரு தரம்,
குறுக்கே ஒரு தரம்.
இப்போதைக்கு ஆறு.
மீதியைக் கல் தின்ன வேண்டும்.
எவ்வளவு தின்னவிடலாம்?

வேலையில்லாத ஒருநாள்
என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அளந்தேன்.
அதுவும் எட்டு.
மயிரிழையில் தப்பினான் என்கிறார்களே, அந்த மயிரிழை.

கெஸ்கிலுக்கு நான் விட்டது எட்டு.
புத்தகத்தில் இருந்த எண், அச்சுப் பிசகாமல்.
அலாசேயா பக்கம், வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டரில்,
தூங்கி எழுந்து கயிற்றை இழுத்து
நேரே முழு வேகத்துக்குப் போயிருக்கிறான்.
அலுமினியம் நெருப்பைக் கண்டதும் பருத்துவிடும்.
செதில் செதிலாகக் காற்றில் நிற்கிற இரும்பிலோ
நேற்றைய குளிரே இன்னும் இறங்கியிருக்காது.
பிடித்துக்கொண்டது.
நடந்து வந்தான்.
வலது காலில் இப்போது மூன்று விரல் இல்லை.

என்னை அவன் ஒன்றும் கேட்கவில்லை.
ஆயில் குறைச்சுக் கலந்துட்டேன் போல, என்றான்.
கழற்றிப் பார்த்தேன்: நான்கு மூலையிலும்
நான்கு பளபளத்த கோடுகள்.
ஆயில் குறைந்தால் அப்படி வராது.
அவனிடம் சொல்லவில்லை.
அந்தப் பிஸ்டனில்தான் ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறேன்,
எடுக்கும்போதெல்லாம் விரல் ஒரு கோட்டின் மேல் ஊர்ந்து போகும்.

இந்தப் புதுப் பிஸ்டன் வந்த பெட்டியில் பெயரில்லை.
வார்த்ததா, அடித்ததா,
சிலிக்கான் எவ்வளவு, ஒன்றும் தெரியாது.
சூட்டில் எவ்வளவு ஊதுவான் என்று தெரியாத ஆளுக்கு
இடம் விட்டுத்தான் வைக்க வேண்டும்.
ரொம்பவும் விட்டால் ஆடி ஆடி ரிங் சாயும்,
இரண்டு பனிக்காலத்தில் ஸ்கர்ட் விரிசல் காணும்.
பத்து விடலாம், ஓட்டுகிறவனுக்குப் பொறுமை இருந்தால்.
பஹிலாய்க்கா?
டீ ஆறும்வரை நிற்காமல்
வாயைச் சுட்டுக்கொண்டு போனவன்.

கெரசின் ஊற்றிக் கல்லைச் சுற்றினேன்.
துடைத்து, ஆறவிட்டு, அளந்து, மறுபடி சுற்றி.
எட்டைத் தாண்டியபோது கை ஒரு தரம் நின்றது.
பதினொன்று.
அடுப்பில் ஒரு கட்டை போட்டேன்.
பதின்மூன்று.

சீட்டில் எட்டு என்றே இருக்கட்டும்.
என் நோட்டில் மட்டும் பதின்மூன்று,
பக்கத்தில் தேதி.

மூன்றாம் வாரம் வந்தான்.
கதவைத் திறந்ததும் முதலில் வெண்புகை உள்ளே வந்தது,
பிறகு அவன்.
மூட்டையை அவிழ்த்து
மீனை விறகுபோல மேசையில் கொட்டினான்.
"குளிர்ல கிளப்புனா ஒரு தட்டு தட்டுது.
சூடேறினா போயிடுது.
எட்டுதானே?"
"சீட்டைப் பார்."
பார்த்தான். காதைச் சொறிந்தான்.
மடித்துச் சட்டைக்குள் வைத்தான்.
"அலாசேயா வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்றான்,
யாரிடமோ சொல்வதுபோல.

ஆற்று வளைவு தாண்டும்வரை
அந்தத் தட்டைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.
பிறகு மீனை எண்ணினேன்.
மறுபடியும் எண்ணினேன்.
ஒன்பது.