பென்சில் எழுத்து

டுலூத்தில் ஏப்ரல் என்றால்
ஏரிமேல் இன்னும் பனிக்கட்டிதான்.
அடுப்பைக் கொண்டுவந்த இருவர்
பூட்ஸைக் கழற்றாமல் கூடத்தில் இறக்கிவிட்டு
"இணைப்பது எங்கள் வேலை இல்லை, மேடம்" என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.
எழுபது கிலோ வெள்ளை எனாமல்.
பிளக்கும் கம்பியும் தனியாக வாங்க வேண்டுமாம்.
குதிரைக்கு ஒரு விலை, கடிவாளத்துக்கு ஒரு விலை.

டார்ச்சோடு நிலவறைக்கு இறங்கினேன்.
பிரேக்கர் பெட்டிக் கதவின் உட்புறம்
ஆர்விட்டின் பென்சில் எழுத்து:
பதினான்கு – பதினாறு, அடுப்பு.
பதினெட்டு – இருபது, துணி உலர்த்தி.
அளவுகோல் வைத்து எழுதியதுபோல் நேர் எழுத்து.
விவாகரத்துத் தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தான்.

அடுப்பை அணைத்தேன்.
டக்.
உலர்த்தி நின்றது.

உள்ளே ஸ்வான்டேயின் பனிக் காற்சட்டை
பாதி ஈரத்தோடு ஒருமுறை புரண்டு படுத்தது.
மேலே வந்து பார்த்தால்
பழைய அடுப்பின் கடிகாரம்
பச்சையாய், சாவகாசமாய்
மூன்று பதினேழு என்கிறது.

அவன் பொய் சொன்னான் என்று சொல்லமாட்டேன்.
தப்பாக எண்ணினான்,
அழகாக எழுதிவைத்தான்.
பன்னிரண்டு வருஷம் நானும் அதை வாசித்து
சரி என்று தலையாட்டியிருக்கிறேன்.
கரணம் தப்பினால் மரணம் என்பது
கம்பிமேல் நடப்பவனுக்கு மட்டுமில்லை,
கம்பியைத் தொடப்போகிறவளுக்கும்.

மறுபடி இறங்கி இன்னொன்றையும் அணைத்தேன்.
கடிகாரம் செத்தது.
பத்தொன்பது டாலர் டெஸ்டரை
முதலில் உயிருள்ள விளக்குத் துளையில் வைத்தேன்.
அதன் 'ஆம்' எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே
அதன் 'இல்லை'யை நம்பலாம்.

பழைய அடுப்பை இழுத்தபோது
பின்னாலிருந்து வந்தவை:
கல்லாகிப்போன மக்ரோனி,
மீன் வடிவக் காந்தம்,
ஒரு நீல கிரையான்.
பிளக்கைப் பிடுங்கினேன்.
சுவர்த் துளைகள் நான்கில் ஒன்றின் உதடு
பழுப்பாக இருந்தது,
கருகத் தொடங்கிய ரொட்டி ஓரம் போல.

அங்கே நிறுத்திக்கொண்டேன்.
எனக்குத் தெரிந்தது அதுவரைதான்.

இரண்டு நாள் ரொட்டியும் டின் மீனும்.
ஸ்வான்டேக்குக் கொண்டாட்டம்.
வியாழக்கிழமை டோர்க்கஸ் லிண்ட்க்விஸ்ட் வந்தாள்,
நெற்றியில் விளக்கு, வாயில் ஸ்க்ரூ.
மூடியைக் கழற்றி, விரலால் ஒரு கம்பியை ஆட்டிக் காட்டினாள்.
ஆடியது.
"கால் சுற்று முடுக்காமல் விட்டிருக்கிறார்கள்."
எவ்வளவு காலமாக என்றேன்.
"சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி" என்றாள்,
வருஷக்கணக்கு அவ்வளவுதான் என்பதுபோல.
புதிய சாக்கெட் போட்டாள். பில் கசந்தது.

புதிய அடுப்பின் முதுகை நானே திறந்தேன்.
சிவப்பும் கறுப்பும் இரு ஓரம், வெள்ளை நடுவில்,
பச்சை மட்டும் இரும்பு உடம்போடு.
நான்கு கம்பி என்றால்
நியூட்ரலையும் உடம்பையும் கட்டியிருக்கும்
செப்புப் பட்டையைக் கழற்றிவிடு, என்றது கையேடு.
விரல்நீளப் பட்டை.
தொழிற்சாலையிலிருந்து பிணைத்தே அனுப்புகிறார்கள்.
கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சாயாமல் பிடிக்கும் கொக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் வந்தது.
அதேபோல் இன்னொரு பை
பழைய அடுப்பின் இழுப்பறை அடியில்
ஒட்டிய டேப் பிரியாமலே கிடைத்தது.
நான்கு வயதில் ஸ்வான்டே
ஓவன் கதவைத் திறந்து, அதன்மேல் ஏறி நின்று
பான்கேக் எட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்து
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எழுந்து
சுவர்ச் சட்டத்தைத் தட்டித் தேடி, மரம் கேட்ட இடத்தில்
இரண்டு ஸ்க்ரூவையும் முழுக்க இறக்கினேன்.
பின்கால் கொக்கிக்குள் நுழைந்தது.
மேல்விளிம்பைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.
இன்னும் பலமாக.
வரவில்லை.

பிரேக்கர் கதவில் அவன் எழுத்தை அழிக்கவில்லை.
மேலே குறுக்கே ஒரு கோடு,
பக்கத்தில் என் கோணல் எழுத்து, பேனாவில்.
இரண்டையும் போட்டேன்.
சமையலறையில் கடிகாரம் பன்னிரண்டு பன்னிரண்டு என்று மினுக்க,
இருளில் என் பக்கத்தில் உலர்த்தி,
நான்தான் பட்டனை அழுத்தினேன்,
ஈரக் காற்சட்டையோடு சுற்றத் தொடங்கியது.