எண்பத்து மூன்று

ஒயரைப் பிடுங்கினால் செத்துப்போகிறது.
முனகல் கிடையாது, எச்சரிக்கை கிடையாது.
கறுப்பில் என் முகம் மட்டும் மிச்சம்.

சாகும்வரை மூலையில் அது சொல்லிக்கொண்டிருந்தது
எண்பத்து மூன்று சதவீதம் என்று.
நேற்றும் எண்பத்து மூன்று.
ராத்திரி முழுக்க சார்ஜரில் கிடந்தாலும்
ஒன்று கூடாது,
ஒன்று குறையாது.

தடைக்காலம் தொடங்கியாயிற்று.
உப்பனாற்றில் விசைப்படகுகள்
தோள் உரசி நிற்கின்றன.
நிவாரண மனு போட
முதுநகர் ஐஸ் கம்பெனி வாசலில் என் மேசை,
கணக்கர் ஹபீபுல்லா மனமிரங்கி விட்ட
ஒரே ஒரு பிளக் பாயிண்ட்.
உள்ளே ஐஸ் உடைக்கும் மிஷின் கிளம்பும்போது
மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டும்.
அந்த நொடியில்
அஞ்சலாட்சியின் ஆதார் எண்
பன்னிரண்டில் ஒன்பது இலக்கத்தோடு
கடலுக்குப் போய்விடும்.
'இன்னொரு தபா சொல்லுக்கா.'
சொன்னாள்.
மூன்றாம் தபா அட்டையை மேசையில் வைத்துவிட்டு
கருவாடு திருப்பிப் போட எழுந்து போனாள்.

முதலில் சார்ஜரைச் சந்தேகப்பட்டேன்,
கண்ணுக்குத் தெரிவது அதுதானே.
நாத்தனார் பையனிடம் இரவல் வாங்கி மாட்டினேன்.
எண்பத்து மூன்று. பிடுங்கினேன். கறுப்பு.
பேட்டரியைக் கழற்றி
பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்தினேன்,
யாரோ சொன்ன வைத்தியம்.
இருபத்திரண்டில் ஒரு மீன் லாரி ஹாரன் அடிக்க
மறுபடி ஒன்றிலிருந்து.
கறுப்பு.

இம்பீரியல் ரோட்டில் பிலவேந்திரன் கடை.
'இது அக்கரைகோரி வாத்தியாரோட பேட்டரி,
வெளிய மூச்சு வுடாதீங்க'
என்று வேறொரு லாப்டாப்பிலிருந்து உருவி
என்னுடையதில் சொருகினார்.
அறுபத்தொன்று காட்டியது.
அரை மணி நேரம் கழித்தும் அறுபத்தொன்று.
பிடுங்கினார்.
ரெண்டு பேட்டரிக்கும் ஒரே சாவென்றால்
சாகிறது பேட்டரி இல்லை.

கவிழ்த்துப் போட்டு
பேட்டரி உட்காரும் பள்ளத்தில் டார்ச் அடித்தார்.
சின்னச் சின்னத் தகடுகள், ஒரு வரிசை.
நடுவில் இருந்தவை பளிச்சென்று.
ஓரத்து இரண்டில் பச்சை பூத்திருந்தது.
'உப்பு' என்றார்.
'ஹார்பர் பக்கமா வச்சி வேல பாக்குறீங்க?
நடுவுல இருக்கிறது பேசுற கம்பி.
அதான் எவ்ளோ இருக்குன்னு கரெக்டா சொல்லுது.
ஓரத்துல இருக்கிறது குடுக்கிற கம்பி.
அது புடுங்கிக்கிச்சு.'

இருப்பைச் சொல்லும், எடுத்துக் கொடுக்காது.
அப்படி ரெண்டு மூன்று ஆபீஸ் எனக்குத் தெரியும்,
இந்த மனுக்களெல்லாம் போகிற இடம் உட்பட.
வாயைத் திறக்கவில்லை.

பென்சில் ரப்பரை பிளேடால் மெல்லிசாகச் சீவி
பள்ளத்துக்குள் விட்டுத் தேய்த்தார்.
ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு
பாசி நிறத்தில் வெளியே வந்தது.
இன்னொரு பஞ்சு. இன்னொன்று.
நாலாவது வெள்ளையாகவே வந்தது.

என் பேட்டரி. எண்பத்து மூன்று.
'நீங்களே புடுங்குங்க.'

பிடுங்கினேன்.
உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல்
இரண்டு பேரும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
எதிர்க்கடையில் ஷட்டரை இறக்கினார்கள்.

எண்பத்து இரண்டு.

இருப்பது குறைந்ததற்கு
அன்றுதான் கைதட்டினேன்.

'முக்கா மணி நேரம் தாங்கும்' என்றார்,
நூற்றைம்பதை வாங்கி மேசை டிராயரில் போட்டபடி.
'மாசம் ஒருக்கா தொடைங்க. உப்பு திரும்ப வரும்.'

மறுநாள் மேசை போடவில்லை.
திறந்த லாப்டாப்பைத் தாம்பாளம்போல் ஏந்தி
கருவாட்டுப் பாய்களுக்கு நடுவே நடந்தேன்.
அஞ்சலாட்சியிடம் அட்டையை நீட்டினேன்.
அவள் நிமிரவில்லை.
வாளையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே
பன்னிரண்டு இலக்கத்தையும்
மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.
மனு போனபோது எழுபத்தொன்று.

'ஏறிடுச்சா?' என்று
திரையைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள்.
விரலிலிருந்து ஒரு உப்புக்கல்
இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழுந்தது.
ஊதினேன்.
உள்ளே போய்விட்டது.