முளை

இந்த வாய்க்காலை எனக்கு அடிக்கணக்கில் தெரியும்.
சந்தைக்குப் பின்னால் தொடங்கி
உட்துறைமுகத்தில் விழும்வரை
ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு அடி,
மூன்று வளைவு, ஒரு மதகு,
ஒரு வழக்கு.

முந்தின ஐப்பசியில், அடைமழைக்குள் முளை அடித்தோம்.
கொங்கிறீற் கல் வரவில்லை என்றார்கள் கந்தோரில்.
"கதியாலை வெட்டி நடுவம் சேர், தற்காலிகம்தானே"
என்றான் சங்கிலி பிடிக்கும் நிஃமத்.
சீமைக்கிளுவைத் தடி, இடுப்பளவு,
தலையில் சிவப்புப் பெயின்ற். முப்பத்தேழு.
இந்தப் பக்கம் அரசு.
அந்தப் பக்கம் திருமதி அமிர்தகௌரி,
ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு ஏச்சு.

முளை என்றால் முளைக்கும் என்று
கந்தோரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.
தமிழில்தான் எழுதியிருந்தோம்.

மாசி இரண்டாம் கிழமை, கோப்போடு வந்து நிற்கிறேன்.
மருந்துக்கும் ஓர் இலையில்லை.
கொப்பெல்லாம் பூ.
பீற்றூட் கழுவின தண்ணீரில்
வெள்ளைத்துணி தவறி விழுந்த நிறம்,
அதற்குமேல் எனக்குச் சொல்ல வராது.

இரவு வேலை முடிந்த தாதிகள் இருவர்
சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நடக்கிறார்கள்.
கடற்படைப் பொடியன் போனைத் தூக்கிக் காட்ட
எங்கோ ஒரு தாய் சிங்களத்தில் வியக்கிறாள்.
கல்யாணச் சோடியிடம் படக்காரன் சொல்கிறான்:
"அசல் யப்பான் மாதிரி வரும்,
தண்ணியை மட்டும் வெட்டிவிடுறன்."
அந்தத் தண்ணீரில் ஒரு யோகட் கோப்பை,
உள்ளே மூன்று பூவை ஏற்றிக்கொண்டு
மதகுக்குப் போகிறது, அவசரமில்லாமல்.
மான்கள் வந்து உதிர்ந்ததைத் தின்கின்றன,
எல்லைக்கு இந்தப் பக்கமும்
அந்தப் பக்கமும்.

கேற் திறந்தது. அமிர்தகௌரி.
கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.
"உங்கட முளை என்ர பக்கம் சாயுது" என்றா.
"வெட்டிவிடட்டோ?"
"உமக்கென்ன விசரா?"
என்றுவிட்டு, சோடிக்கு இருக்கக் கதிரை எடுக்கப் போனா.

கல் வந்துவிட்டது. லொறி சந்தியில் நிற்கிறது.
படிவத்தில் முளைகளின் நிலைமைக்கு
இரண்டே கட்டங்கள்: சரி, பழுது.
பேனையைத் திறந்து மூடினேன்.

"சேர்," என்றான் நிஃமத்,
"இப்ப அளந்தா எங்கயிருந்து பிடிக்கிறது?
தடியிலயிருந்தா,
பூ முடியிற இடத்திலயிருந்தா?"

சங்கிலி அவன் கையில் தொங்கியது.
ஒரு மான் கிட்ட வந்து
அதை முகர்ந்துவிட்டுப் போனது.