விகுதி

பேர்ன் நகரம். மூன்றாம் மாடி.
ஜன்னல் திறக்காத அறை.
விதி இதுதான்: அவர் நான் என்றால்
நானும் நான் என்றே சொல்ல வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு
எனக்கு இருபத்தாறு வயது, கடல்தொழில்,
இடது காது கேட்காது.
பத்தரைக்கு ஒரு குழந்தையைப் புதைத்தேன்.
இடைவேளையில் கோப்பி, சீனி இல்லாமல்.
வந்து மறுபடி புதைத்தேன்,
திகதி இடிக்கிறது என்று அதிகாரி சொன்னதால்.

ஜேர்மன் மொழியில் 'இஹ்' முன்னால் வந்து நிற்கும்,
வரிசையில் இடம் பிடித்தவர் மாதிரி.
தமிழில் அது வினையின் வாலில் பதுங்கும்.
ஓடினேன். ஒளிந்தேன். பார்த்தேன்.
எத்தனை வருஷ வேலை,
இன்றைக்குத்தான் காதில் விழுந்தது
ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும்
ஓர் ஏன்.

ஒருமுறை அவர் 'நாங்கள்' என்றார்.
அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்:
நாங்கள் வேண்டாம்.
நீங்கள் மட்டும் என்ன கண்டீர்கள்?
அவர் என்னைப் பார்த்தார்.
நான் தண்ணீர்க் கிளாஸைப் பார்த்தேன்.
அந்த மௌனத்தைப் பெயர்க்கத் தெரியாமல்
நானும் மௌனமாக இருந்தேன்.
அது அவருடையதா என்னுடையதா,
பதிவில் இல்லை.

பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.
அவருக்கு முழுப்பெயர்,
எனக்கு இரண்டே எழுத்து.

ஐந்தேகாலுக்கு பூர்க்டோர்ஃப் ரயில்.
இறங்கினால் வாசலிலேயே பாண் கடை.
ஃப்ரௌ ட்ஸ்பிண்டன் மாவுக் கையைத் துடைத்தபடி கேட்கிறார்:
உங்களுக்கு என்ன வேணும்?

காத்திருக்கிறேன்,
யாராவது முதலில் சொல்லட்டும் என்று.

பின்னால் வரிசை நீள்கிறது.
ஒரு பையன் தொண்டையைச் செருமுகிறான்.