இருபத்திரண்டாம் சட்டம்

"அப்போதெல்லாம் ஆன்மாவோடு எடுத்தார்கள்" என்கிறார் வியெரான்,
கண்காட்சிக் குழுத் தலைவர்,
காபியில் மூன்றாவது சர்க்கரைக் கட்டியைப் போட்டபடி.
நான் பதில் சொல்லவில்லை.
ரியேக்காவில் போரா காற்று வீசும் மாதம்.
பத்திரிகை அலுவலக நிலவறையில்
நெகட்டிவ் பெட்டிகளோடு ஒன்பது நாள் கிடந்துவிட்டு வந்திருக்கிறேன்.
விரல்களில் இன்னும் வினிகர் வாடை.

அவர் சொல்வது ஸ்தென்கோ பார்பலிச்சின் அந்தப் படத்தை.
1968. கப்பலை நீரில் இறக்கிய நாள்.
இரும்பு முகப்பில் புட்டி உடைந்து
நுரை கிளை விரித்து நிற்கும்.
ஊரில் பாதிச் சுவர்களில் தொங்குகிறது.

மீதி முப்பத்தைந்தையும் நான் பார்த்தேன்.
யாரோ ஒருவரின் தொப்பி.
கண் மூடிய மேயர்.
கண் மூடிய மேயர், மறுபடியும்.
ஒரு பக்கமாய்க் கொட்டிவிடப்போகும் கடல்.
ஒன்றில் அவருடைய விரலே, நிலா அளவுக்கு.
இருபத்திரண்டாம் சட்டத்தைச் சுற்றி மட்டும்
சிவப்பு மெழுகுப் பென்சில்,
அழுத்திய வேகத்தில் தாள் கிழிந்திருக்கிறது.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
"முதல் அடிக்குப் புட்டி உடையவில்லை. நல்லவேளை.
அப்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன்."

இந்த வருடம் திஹானா எடுத்தாள்.
கப்பல் அல்ல, படகு.
நொடிக்கு இருபது வீதம்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு படங்கள்.
புட்டி உடைவது பதினொரு நிலைகளில்.
ஒவ்வொரு சில்லுக்கும் தெளிவான விளிம்பு.
மேயரின் இமைமயிரை எண்ணலாம்.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.
இரவு இரண்டு மணிக்குப் போனில், அழாத குறை:
"பதினொன்றும் நன்றாயிருக்கிறது.
நீயே ஒன்றை எடேன்."

எடுத்தேன். அந்தப் பதினொன்றில் ஒன்றல்ல.
கேமராவைத் தாழ்த்தியபோது
பொத்தானிலிருந்து அவள் விரல் எடுபடாத கணம்.
தரை சரிந்து கிடக்கிறது.
வெல்டிங் செய்யும் பெண் ஒருத்தி
காதுகளைப் பொத்திக்கொண்டு
எல்லோரும் பார்க்கும் பக்கத்துக்கு முதுகு காட்டி
எதையோ பார்க்கிறாள்.
என்னவென்று படத்தில் இல்லை.

"இதையா நான் எடுத்தேன்?"
"உன் கேமராவில்தான் இருந்தது."

திறப்பு நாளில் இரண்டும் ஒரே சுவரில்.
வியெரான் பழையதன் முன் நின்று
ஆன்மாவைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.
திஹானா அதை எடுக்கக் கேமராவைத் தூக்கினாள்,
ஒரே ஒரு தடவை அழுத்தினாள்,
திரையைப் பார்க்கவில்லை.

விரல் மறைத்த படத்துக்கு ஒரு பிரதி போட்டு
என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.
குழுவுக்குத் தெரியாது.
ரேகை வரை விழுந்திருக்கிறது.