அடைப்புக்குறி எங்கே

பழைய பேருந்து நிலையம்.
பழையது பேருந்தா, நிலையமா?
சேலத்தில் யாரும் கேட்பதில்லை, ஏறிவிடுகிறார்கள்.
நான் கேட்பேன்.
ஐந்து வருட உதவித்தொகை அதற்குத்தான்.

மூன்று பொருள்.
முதலிரண்டை முதலில் பெருக்கினால் ஒரு விடை,
பின்னிரண்டை முதலில் பெருக்கினால் வேறு.
சேர்ப்புப் பண்பு இல்லாத இயற்கணிதம்.
அம்மா உறவுக்காரர்களிடம்
“கம்ப்யூட்டர் மாதிரி ஏதோ” என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

நிலையத்துக்கு வெளியே பச்சியண்ணன் தள்ளுவண்டி.
பசித்தது, நின்றேன்.
தட்டுவடை, சட்னி, பீட்ரூட் துருவல்,
மேலே இன்னொரு தட்டுவடை: அடுக்குவது ஒரு செயல்.
உள்ளங்கையில் வைத்து நெரிப்பது இன்னொன்று.
விலைப்பலகையில் இரண்டே வரி,
செட், நொறுக்கல்.
அடுக்கியதை நொறுக்கலாம் அண்ணே,
நொறுக்கியதை அடுக்கினால்?
“அதெப்படிம்மா அடுக்குறது?”
வரையறுக்கப்படவில்லை என்பதை
இவ்வளவு சுருக்கமாக நான் எழுதியதில்லை.

ஏற்காடு பஸ்ஸில் உட்கார இடமில்லை.
இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண்பலகை.
ஓட்டுநர் இடது ஒடித்தால்
நாற்பத்தியோரு உடல்கள் வலது சாய்கின்றன,
வலது ஒடித்தால் இடது.
இயற்கணிதத்தை யாரும் நேரில் கண்டதில்லை.
எதையாவது அது தள்ளும்போது, திருப்பும்போது
தள்ளப்பட்டதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.
உருவகிப்பு என்று அதற்குப் பெயர்.
இன்றைக்கு நாற்பத்தியோரு பேர்,
கூடையில் ஒரு சேவல்,
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஒரு பெண்.

பதினோராவது வளைவில் தெரிந்தது.

எங்கள் இரண்டு பெருக்கல்களில்
தனியே எதற்கும் சேர்ப்புப் பண்பு கிடையாது.
இரண்டையும் கூட்டினால்தான் உண்டு.
துணைத்தேற்றம் நான்கில்
ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு
அடைப்புக்குறியை நகர்த்தியிருக்கிறேன்,
சத்தமில்லாமல், ஓர் இடம் தள்ளி.
மீதி முப்பது பக்கம் அதன்மேல் நிற்கிறது.
பஸ் ரிவர்ஸ் எடுத்தது.
பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று.

பெர்னதெத்துக்கு அனுப்பினேன்: நான்கு தப்பு.
ஒற்றை டிக். மலையில் சிக்னல் அப்படித்தான்.

அவளும் நானும் சேர்ந்து எழுதிய கட்டுரை.
இடமிருந்து பெருக்குவது அவள், வலமிருந்து நான்.
யார் பெயர் முதலில் என்று ஆனியில் ஒரு சண்டை,
அப்புறம் பேச்சில்லை.
அவள் பங்கையும் நானே எழுதி முடித்தேன்,
ஒரு வார்த்தை கேட்காமல்.
துணைத்தேற்றம் நான்கு
அந்த வாரத்தில் எழுதியது.

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறத் தொடங்கிய இடத்தில்,
பதினேழில், பதில் வந்தது.
“தெரியும். சனிக்கிழமையே பார்த்துட்டேன்.
நீயா கேப்பேன்னு இருந்தேன்.
ஏரி ஸ்டாப்புல இறங்காத, அடுத்தது.”

அந்தப் பெண் எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினாள்.
என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.
மூன்று வளைவு பாக்கி.